ஒக்டோபரில் ஒரு கிழமை: ஸ்கண்டிநேவிய விடுமுறையும் எம்மவரின் பயணப் பத்திரங்களும்

"ஒக்டோபரில பிள்ளையளுக்கு ஒரு கிழமை லீவு. அம்மா ஒருக்கா வந்து நிண்டிட்டுப் போகலாம்தானே?"

ஒஸ்லோவில் இருந்தோ டென்மார்க்கில் இருந்தோ வரும் தொலைபேசி அழைப்புகளில், கோடை முடிவதற்கு முன்னரே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தில் தொலைபேசியைப் பிடித்திருப்பவர் கிளிநொச்சியிலோ வடமராட்சியிலோ இருக்கும் ஒரு தாய். பேரப்பிள்ளைகளைக் கைபேசித் திரையில் மட்டுமே பார்த்தவர். "பாப்பம் மோனை" என்று சொல்லிவிட்டு அவர் பேச்சை மாற்றிவிடுகிறார்.

இது ஒரு குடும்பத்தின் விடுமுறைத் திட்டம் போலத்தான் தெரிகிறது. ஆனால் அந்த ஒரு கிழமைக்குள் யார் எந்த எல்லையைக் கடக்கலாம் என்பதை ஒஸ்லோவின் பாடசாலை நாட்காட்டியும், புதுடில்லியில் இருக்கும் விசா அதிகாரியும், 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும், 1990இல் நாம் விட்டு வந்த காணியின் உறுதியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. எனவே இந்தச் சிறிய விடுமுறையைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம்.

உருளைக்கிழங்கு தந்த விடுமுறை

ஸ்கண்டிநேவிய நாடுகளில் திகதியைவிடக் கிழமையின் இலக்கத்தையே மக்கள் அதிகம் சொல்வார்கள். ஆண்டின் முதற் கிழமை 1, கடைசிக் கிழமை 52 அல்லது 53. "லீவு எப்போது?" என்று கேட்டால் "நாற்பதாம் கிழமை" என்று பதில் வரும். ஒஸ்லோவில் பாடசாலைகளின் இலையுதிர் கால விடுமுறை 40ஆம் கிழமை. பேர்கன் நகரில் 41ஆம் கிழமை. டென்மார்க்கில் 42ஆம் கிழமை. சுவீடனில் 44ஆம் கிழமை. 2026ஆம் ஆண்டில் 40ஆம் கிழமை செப்டெம்பர் 28இல் தொடங்குகிறது. 42ஆம் கிழமை ஒக்டோபர் 12இல். 44ஆம் கிழமை ஒக்டோபர் 26இல்.

மூத்தவன் நோர்வேயிலும், மகள் டென்மார்க்கிலும், கடைசி மகன் சுவீடனிலும் இருக்கும் குடும்பங்கள் எம்மிடையே குறைவில்லை. மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே கிழமையில் விடுமுறை இல்லை என்பது முதலில் இடைஞ்சலாகத் தோன்றும். ஆனால் தாயகத்தில் இருந்து போகும் ஒருவருக்கு இதுவே வாய்ப்பு. செப்டெம்பர் 28 முதல் நவம்பர் 1 வரை 35 நாள்கள். அந்த இடைவெளிக்குள் மூன்று வீட்டுப் பேரப்பிள்ளைகளோடும் அவரவர் விடுமுறை நாளிலேயே நிற்கலாம். அதற்கு ஒரே ஒரு ஷெங்கன் விசா போதும். இதைத் தெரியாமல் ஒரு கிழமைக்கு மட்டும் விசா கேட்டுவிட்டு, மற்ற இரு பிள்ளைகளையும் ஒஸ்லோவுக்கு ஓடிவரச் சொல்லும் நிலை ஏற்படக்கூடாது.

இந்த விடுமுறை எப்படி வந்தது என்பதும் எமக்குப் புதினமானது. மூன்று நாடுகளிலும் இதற்கு இருந்த பழைய பெயர் "உருளைக்கிழங்கு விடுமுறை". கிழங்கு கிண்டும் காலத்தில் வயலில் பிள்ளைகளின் கைகள் தேவைப்பட்டன. ஆகவே பாடசாலை மூடப்பட்டது. பின்னர் கிழங்கு கிண்ட இயந்திரம் வந்தது. பிள்ளைகளுக்கு வயலில் வேலை இல்லாமற் போனது. ஆனால் விடுமுறையை எவரும் திரும்பப் பறிக்கவில்லை. உழைப்புக்காக விடப்பட்ட கிழமை ஓய்வுக்கான கிழமையாக மாறியது.

பெரியவர்களின் ஓய்வும் அங்கே முதலாளியின் தயவில் தங்கியிருப்பதில்லை. நோர்வேயின் 1988ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கு நான்கு கிழமையும் ஒரு நாளும் விடுமுறை தருகிறது. தொழிற்சங்க உடன்பாடு உள்ள இடங்களில் அது ஐந்து கிழமை. அத்துடன் முதல் ஆண்டு உழைத்த சம்பளத்தில் குறைந்தது 10.2 வீதம் விடுமுறைப் பணமாகக் கிடைக்கிறது. துப்புரவு வேலையிலும் உணவகச் சமையலறையிலும் நின்ற எம் முதல் தலைமுறைக்கும் இந்த உரிமை இருந்தது. அந்தப் பணம் பல வீடுகளில் உல்லாசப் பயணமாகாமல் ஊருக்கு வந்து கூரையாகவும் தங்கையின் சீதனமாகவும் மாறியது வேறு கதை.

மூன்று வகைப் பயணிகள்

ஒரே குடும்பத்தில் மூன்று வகையான பத்திரங்கள் இருப்பது போர் எமக்குத் தந்த நிலை.

முதலாவது வகை குடியுரிமை பெற்றவர்கள். நோர்வே 2020 ஜனவரி முதலும், டென்மார்க் 2015 செப்டெம்பர் முதலும், சுவீடன் 2001 முதலும் இரட்டைக் குடியுரிமையை ஏற்கின்றன. இவர்களுக்கு இலையுதிர் விடுமுறை என்பது ரிக்கற் விலையும் காலநிலையும் மட்டுமே.

இரண்டாவது வகை அகதி அந்தஸ்தோடு பயணப் பத்திரம் வைத்திருப்பவர்கள். ஐரோப்பாவுக்குள் அவர்கள் போய்வரலாம். ஆனால் அந்தப் பத்திரம் இலங்கைக்குச் செல்லுபடியாகாது. இலங்கைக்குப் போய்வந்தால் பாதுகாப்புத் தேவையில்லை என்று கருதி அந்தஸ்தையே மீளாய்வு செய்ய இடமுண்டு.

மூன்றாவது வகை இலங்கைக் கடவுச்சீட்டோடு இங்கே இருக்கும் பெற்றோர். அவர்களுக்கு விசா வேண்டும்.

இரண்டாவது வகையில் பிள்ளையும் மூன்றாவது வகையில் தாயும் இருக்கும் வீட்டை எண்ணிப் பாருங்கள். பிள்ளை வர முடியாது. தாய் போனால்தான் சந்திப்பு. விசா மறுக்கப்பட்டால் இந்தியாவிலோ மலேசியாவிலோ வாடகை அறை எடுத்துச் சந்திக்க வேண்டும். அதற்கும் இருவருக்கும் தனித்தனி அனுமதியும் செலவும் தேவை. மற்றவர்களுக்கு விசா மறுப்பு ஒரு விடுமுறையின் இழப்பு. இந்த வீட்டுக்கு அது கடைசிச் சந்திப்பின் இழப்பாகவும் இருக்கலாம்.

உறுதி எங்கே?

குறுகியகால விசா தொடர்பான ஐரோப்பிய விதிகள், விண்ணப்பதாரர் காலம் முடிய முன்னர் திரும்பி வருவார் என்பதில் நியாயமான சந்தேகம் இருந்தால் விண்ணப்பத்தை நிராகரிக்கச் சொல்கின்றன. மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி காணப்படும் காரணமும் இதுவே. திரும்பி வருவார் என்பதை எதைக் கொண்டு அளக்கிறார்கள்? தொழில், வங்கிக் கணக்கு, காணி, வீடு, ஊரில் இருக்கும் குடும்பம், முன்னைய பயணங்கள் ஆகியவற்றைக் கொண்டே.

இந்த இடத்தில்தான் போரால் பாதிக்கப்பட்டவர் இரண்டாம் முறை தண்டிக்கப்படுகிறார். வலிகாமம் வடக்கில் இருந்து 1990இல் எழுந்து ஓடியவரின் காணியில் ஒரு பகுதி இன்றும் படையினரிடம் இருக்கலாம். முள்ளிவாய்க்கால் வரை நடந்தவரின் உறுதி எந்தப் பதுங்குகுழியில் விடப்பட்டது என்று அவருக்கே தெரியாது. கணவர் இல்லை. ஒரு மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். மற்றவர் வெளிநாட்டில். வங்கிக் கணக்கில் இருப்பது அந்த வெளிநாட்டு மகன் அனுப்பிய பணம். விசா அதிகாரியின் மேசையில் இவை எல்லாம் "ஊரோடு பிணைப்புக் குறைவு" என்றே வாசிக்கப்படும். போர் அவரிடம் இருந்து எதைப் பறித்ததோ அதையே விதி ஆதாரமாகக் கேட்கிறது.

ஆனால் அந்தத் தாயைக் கேட்டுப் பாருங்கள். காணி விடுபடும் என்று முப்பத்தைந்து ஆண்டுகளாகக் காத்திருப்பவர் அவர். காணாமல் போன மகன் வந்தால் வீடு பூட்டியிருக்கக் கூடாது என்று ஒரு இரவு கூட வெளியே தங்காதவர் அவர். ஊரோடு இவரைவிடப் பிணைப்புள்ளவர் எவர்? இந்தப் பிணைப்பைப் பதிய விண்ணப்பப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆகவே அதை நாமே கடிதமாக எழுதி இணைக்க வேண்டும். உறுதி இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுத வேண்டும். கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ், மீள்குடியேற்றப் பதிவு, படையினர் வசமுள்ள காணி பற்றி மாவட்டச் செயலகத்தில் உள்ள பதிவு, ஊரில் உள்ள மற்றப் பிள்ளைகளின் விவரம் ஆகியவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு கொடுக்கலாம். இதனால் விசா நிச்சயம் கிடைக்கும் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் மௌனமாக விடப்பட்ட இடத்தை அதிகாரி சந்தேகத்தால் நிரப்புவதற்கு நாம் இடம் கொடுக்கக்கூடாது.

எப்போது, எங்கே, எவ்வளவு?

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே கொடுக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன்னராவது கொடுத்திருக்க வேண்டும். சாதாரணமாக 15 நாள்களில் முடிவு வரவேண்டும். மேலதிக விசாரணை தேவையெனில் அது 45 நாள்கள் வரை நீடிக்கலாம். எனவே 40ஆம் கிழமைக்கான வேலையைச் சித்திரைப் புத்தாண்டோடு தொடங்கினால்தான், மறுப்பு வந்தாலும் மேன்முறையீட்டுக்கோ மறு விண்ணப்பத்துக்கோ காலம் இருக்கும். மறுப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் உரிமையை ஐரோப்பிய விதியே தந்திருக்கிறது. அதற்கான காலக்கெடு கடிதத்தில் இருக்கும். பலர் அதை வாசிப்பதே இல்லை.

மூன்று நாடுகளுக்கும் போவதாயின், அதிக நாள்கள் நிற்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமெனில் முதலில் நுழையும் நாடு. கேட்கும் நாள்களின் எண்ணிக்கையைத் தெளிவாக எழுத வேண்டும். 180 நாள்களுக்குள் 90 நாள்கள் என்பது உச்ச எல்லை மட்டுமே. விசாவில் எத்தனை நாள் எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனை நாளே உரிமை.

கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. எமது பணத்தில் முப்பதாயிரம் ரூபாவுக்கு மேல். மறுக்கப்பட்டாலும் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். கொழும்பில் இயங்கிய நோர்வேத் தூதரகம் 2023இல் மூடப்பட்டு, இலங்கைக்கான பொறுப்பு புதுடில்லிக்கு மாற்றப்பட்டது. ஒரு காலத்தில் எமது போருக்கும் சமாதானத்துக்கும் நடுவே வந்து நின்ற நாட்டின் கதவு, எமது தாய்மாருக்கு இன்னும் ஒரு கடல் தள்ளிப் போயிருக்கிறது.

2025 ஒக்டோபர் 12 முதல் ஷெங்கன் வெளி எல்லைகளில் கைவிரல் அடையாளத்தையும் முகப்படத்தையும் பதியும் புதிய முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் இதில் கணினியில் பதிவாகின்றன. ஒரு நாள் பிந்தினாலும் தெரிந்துவிடும். அதேவேளை, முன்னர் உரிய நாளில் திரும்பியவருக்கு அந்தப் பதிவு அடுத்த முறை சாட்சியாகவும் நிற்கலாம்.

உள் எல்லைகளிலும் கவனம் தேவை. கொப்பன்ஹேகனையும் மால்மோவையும் இணைக்கும் பாலம் 2000இல் திறக்கப்பட்டபோது, எல்லை என்பதே மறந்துபோகும் என்று பேசினார்கள். ஆனால் 2015இன் அகதிகள் வருகைக்குப் பின்னர் சுவீடனும், அடுத்து டென்மார்க்கும் எல்லைச் சோதனைகளை மீண்டும் கொண்டுவந்தன. தற்காலிகம் என்று சொல்லப்பட்டவை நீட்டிக்கப்பட்டே வருகின்றன. அம்மாவைக் காரில் ஏற்றி அந்தப் பாலத்தைக் கடப்பவர், அவரது கடவுச்சீட்டை வீட்டு அலுமாரியில் விட்டுச் செல்லக்கூடாது.

ஒரு அரசாங்கம் விழுந்த கதை

தமிழ்க் குடும்பங்களின் சந்திப்பு ஸ்கண்டிநேவியாவில் அரசியலாவது இது முதல் தடவை அல்ல. 1987இல் டென்மார்க்கின் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் மனைவிமாரும் பிள்ளைகளும் கொடுத்த குடும்ப ஒன்றிணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடச் செய்தார். அந்த வேளை இங்கே வடமராட்சியில் ஒப்பரேஷன் லிபரேசன், பின்னர் இந்தியப் படையின் போர். விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்ததும் பிரதமர் பௌல் ஸ்லூற்றர் பதவி விலகினார். 1995இல் நின்-ஹான்சன் அமைச்சர்களை விசாரிக்கும் விசேட நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டு, நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். டென்மார்க்கின் வரலாற்றில் இதற்குப் பெயரே "தமிழ் வழக்கு". அதே நீதிமன்றம் 2021 டிசம்பரில், இளம் அகதித் தம்பதிகளைச் சட்டவிரோதமாகப் பிரித்து வைத்த முன்னாள் குடிவரவு அமைச்சர் இங்கர் ஸ்ரொய்பேர்க்குக்கு 60 நாள் சிறைத்தண்டனை விதித்தது.

குடும்ப ஒன்றிணைவு வேறு, விடுமுறைக்கால வருகை வேறு என்பது சரியே. ஆயினும் இந்த வரலாறு ஒன்றைச் சொல்கிறது. இந்த நாடுகளில் அதிகாரியின் முடிவும் அமைச்சரின் முடிவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. எழுத்தில் கேட்டால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். அதைக் கேட்கும் பழக்கம் எமக்கு இன்னும் போதாது.

இருளும் காட்டுக்குள் வெடிச் சத்தமும்

விசா கிடைத்து அம்மா போய் இறங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தில் இருந்து அரை மணி அளவில்தான் கூடிக் குறையும். ஒஸ்லோவில் ஒக்டோபர் தொடக்கத்தில் 11 மணி நேரமாக இருக்கும் பகல், மாத முடிவில் 9 மணி நேரமாகிவிடும். ஒக்டோபரின் கடைசி ஞாயிறில் மணிக்கூட்டையும் ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றிலிருந்து பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டு. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் தனியாக இருக்கும் முதியவரை இந்த இருள் வாட்டும். ஆகவே 40ஆம் கிழமையில் வெளியே போகும் பயணங்களையும், 44ஆம் கிழமைக்கு வீட்டுக்குள் இருக்கும் நாள்களையும் வைத்துக்கொள்வது நல்லது. பேர்கன் பக்கம் போவோர் மழை உடுப்பு இல்லாமல் போகக்கூடாது. அங்கே ஆண்டு மழைவீழ்ச்சி 2,000 மில்லிமீற்றரைத் தாண்டும்.

இன்னொன்றை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நோர்வேயில் செப்டெம்பர் 25 முதல் பெருமான் வேட்டைக் காலம். மஞ்சளும் சிவப்புமாக இலை பழுத்த காட்டுக்குள் பேரப்பிள்ளையோடு நடக்கும்போது திடீரெனத் துப்பாக்கி வெடிக்கும். அங்கு பிறந்த பிள்ளை திரும்பியும் பாராது. அம்மம்மா நிலத்தில் குந்திவிடுவார். வெடிச் சத்தம் கேட்டால் எங்கே படுப்பது என்று உடம்பு படித்த பாடத்தை ஒரு விமானப் பயணம் மறக்கச் செய்யாது. வேட்டை நடக்கும் காடுகளைத் தவிர்ப்பதும், நிறம் கூடிய மேலங்கி போடுவதும், எல்லாவற்றுக்கும் முதல் அவரிடம் விடயத்தைச் சொல்லிவிடுவதும் பிள்ளைகளின் பொறுப்பு.

யாரும் நடக்கலாம் என்ற சட்டம்

அதே காட்டில் அம்மா கேட்கக்கூடிய கேள்வி: "இது ஆற்ற காணி தம்பி? உள்ளுக்க வந்திட்டம், ஏச மாட்டினமோ?"

நோர்வேயில் 1957ஆம் ஆண்டுச் சட்டம், பயிர் செய்யாத வெளிகளில் அந்தக் காணி எவருக்குச் சொந்தமாக இருந்தாலும் எவரும் நடக்கலாம் என்கிறது. அந்நாட்டவர் இதற்கு வைத்த பெயர் "எல்லா மனிதருக்குமான உரிமை". குடியுரிமையோ விசா வகையோ அங்கு கேட்கப்படுவதில்லை. காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம். மனிதர் வாழும் வீட்டில் இருந்து 150 மீற்றர் தள்ளிக் கூடாரம் அடிக்கலாம். சுவீடனில் இந்த உரிமை 1994 முதல் அரசியலமைப்பிலேயே உள்ளது. டென்மார்க்கில் அப்படி அல்ல. அங்கு தனியார் காடுகளில் பகலில், பாதைகளில் மட்டுமே நடக்கலாம்.

தன் சொந்தக் காணியை முட்கம்பிக்கு வெளியே நின்று பார்த்தவருக்கு, அடுத்தவன் காணியிலும் நடக்க உரிமை தரும் சட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது எந்தச் சுற்றுலாத் தலத்தையும் விடப் பெரிய காட்சி.

ஆனால் அந்த நாடுகளையும் சொர்க்கமாக்கிவிட வேண்டாம். வடதுருவ ஒளி பார்க்க வடக்கே போகிறவர்கள் சாமி மக்களின் நிலத்தில் நிற்கிறார்கள். 1980களில் பின்மார்க் மாகாணத்தின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன எம்மவரும் அந்த நிலத்தில்தான் வாழ்ந்தனர். சாமி மொழியை அழிக்க முயன்ற நோர்வேமயமாக்கல் கொள்கை பற்றி உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2023 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 2024 நவம்பரில் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. போசனில் காற்றாலைகளுக்குக் கொடுத்த அனுமதி கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2021 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆயினும் காற்றாலைகள் இன்றும் சுழல்கின்றன. தீர்ப்புக் கிடைத்தும் நிலம் கிடைக்காத கதை எமக்குப் புதிதல்ல.

முடிவாக

இலையுதிர் விடுமுறை வசதியானவர்களின் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு தாய் தன் பேரப்பிள்ளையைத் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் கிழமை அது. புலம்பெயர் நாடுகளில் உள்ள எமது அமைப்புகள் பெரிய கோரிக்கைகளோடு இந்தச் சிறிய கோரிக்கையையும் கையில் எடுக்கலாம். போரால் பத்திரங்களையும் காணியையும் இழந்தவரிடம் அவற்றையே ஆதாரமாகக் கேட்கக்கூடாது என்பதை ஒஸ்லோ, கொப்பன்ஹேகன், ஸ்ரொக்ஹோம் நாடாளுமன்றங்களில் கேட்க, அங்கு வாக்குரிமை உள்ள எம் பிள்ளைகளால் முடியும்.

அதுவரை பிள்ளைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓகஸ்டில் அழைப்பெடுத்து "வரலாம்தானே" என்று கேட்பதை விட்டு, ஏப்ரலில் அழைப்பெடுத்து "என்னென்ன பத்திரம் இருக்கு, சொல்லுங்கோ அம்மா, நான் எழுதுறன்" என்று கேளுங்கள்.